கிளி சாருக்கு ஒரு கிளி

டீக்கு நன்றி, அம்மா. சர்க்கரை கொஞ்சம் தூக்கல்தான். ஆனாலும் வாங்கிக் கொடுத்த டீயில் குறை சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை. பொட்டலத்தில் மீதியிருந்த சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து நீங்கள் அந்தக் கூண்டுக்குள் வைத்ததையும் பார்த்தேன். ஐந்தும் தலைகீழாகத் தொங்கிக்கொண்டே வந்து குடித்தன. வனச்சரகர் ஒருவர் கேள்வி கேட்பதற்கு முன்னால் கிளிக்குத் தண்ணீர் வைப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சின்னச் சின்ன உதவிகளில்தான் இந்த உலகம் நிற்கிறது என்று நான் வெகுகாலமாகச் சொல்லி வருகிறேன். உங்களைப் பார்த்ததும் நாம் இருவரும் ஒரே சபைக்காரர்கள் என்று தோன்றியது. அதனால் எதையும் மறைக்கப் போவதில்லை. நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் சந்தியாகு. தனுஷ்கோடி போகும் சாலையில் சிப்பிக் கடை வைத்திருக்கிறேன். கண்ணாடிச் சட்டம், சாவிக்கொத்து, சிப்பி ஒட்டிய நகைப்பெட்டி எல்லாம் என் கையால் செய்தவை. எங்கள் மாதாகோயில் பங்கில் ஏழைகளுக்கு உதவுகிற சபை ஒன்று உண்டு. அதில் நான் பதினெட்டு வருட உறுப்பினர். யார் வீட்டில் என்ன குறை என்று பார்த்து, அவர்கள் வாய் திறந்து கேட்பதற்கு முன்பே கொண்டுபோய் வைத்துவிடுவது எங்கள் வழக்கம். வைத்தது யார் என்று தெரியக் கூடாது. வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரிய வேண்டாம் என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறார். அடுப்பெரியாத வீட்டு வாசலில் அரிசிப் பை இருக்கும். கைம்பெண் வீட்டுக் கதவில் புதுச் சேலை தொங்கும். அவர்கள் வானத்தைப் பார்த்துக் கும்பிடுவார்கள். நாங்கள் தள்ளி நின்று பார்ப்போம். அதைவிட இனிப்பான பார்வை வேறு கிடையாது.

நான் செய்ததும் அதுதான். அரிசிக்குப் பதில் கிளி.

சார் முதல்முறை என் கடைக்கு வந்து பன்னிரண்டு வருடம் இருக்கும். அபிராமத்துப் பக்கம் நிலபுலன் உள்ள குடும்பம். பெயர் ராமசுப்பிரமணியன். கல்லூரியில் விலங்கியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஐப்பசி பிறந்தால் ஒரு தோல்பை, ஒரு தொலைநோக்கி, ஒரு நோட்டு, மடக்கு நாற்காலி ஒன்று இவற்றோடு பஸ்ஸில் வந்து இறங்குவார். தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் பழைய கட்டடச் சுவர் ஒன்றில் ஆலங்கன்று முளைத்திருக்கிறது. அதற்கு எதிரே நாற்காலியை விரித்து ஒரு மாதம் உட்கார்ந்திருப்பார்.

அவர் எதிர்பார்த்தது ஒரு கிளியை. நாம் பார்க்கிற பச்சைக்கிளி இல்லை; சிட்டுக்குருவி அளவுதான் இருக்கும். வால் குட்டை. வௌவால் போலத் தலைகீழாகத் தொங்கித் தூங்கும். நம் மேற்கு மலைக் காடுகளில் ஒரு வகை உண்டு, அதற்கு உச்சந்தலை பச்சை. இலங்கையில் ஒரு வகை உண்டு, அதற்கு உச்சந்தலை சிவப்பு, முதுகில் ஆரஞ்சுச் சாயல். இலங்கைக் கிளி அந்தத் தீவை விட்டு வெளியே வந்ததாக யாரும் எழுதவில்லை. சார் மட்டும், ஐப்பசியில் அங்கே பழம் குறைகிறபோது அது மணல் திட்டு மணல் திட்டாகத் தாவி இந்தக் கரைக்கு வரும் என்று நம்பினார். இளவயதில் ஒருநாள் அந்தச் சுவரில் சிவப்புத் தலையுடன் ஒன்றைப் பார்த்தாராம். அரை நிமிடம். கையில் தொலைநோக்கி இல்லாத அரை நிமிடம்.

ஊரில் அவருக்குக் கிளி சார் என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவர் கோபித்துக்கொண்டதில்லை. எங்கள் பக்கத்துப் படகுக்காரன் பென்னி டீக்கடையில் அவரைக் கண்டால் சும்மா இருக்க மாட்டான்.

"சார், இன்னைக்கு வெடியக்காலம் ஒரு கிளி வந்துச்சு. பாஸ்போர்ட்டு இல்லைன்னு கடல்ல வச்சே திருப்பி அனுப்பிட்டாங்க."

"போகட்டும்ப்பா. அடுத்த தடவ எடுத்துட்டு வரும்."

"விசா வேணும்ல சார்?"

"அதுக்குத்தான் நான் இங்கன உக்காந்திருக்கேன். சீல் அடிக்க."

இப்படிப் பேசுகிற மனிதரை யாருக்குத்தான் பிடிக்காது? மாலையில் என் கடைக்கு வந்து, ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடிப்பார். என் மனைவி பிரெசில்லா அவருக்கென்று எவர்சில்வர் டம்ளர் ஒன்றைத் தனியாக வைத்திருந்தாள். நான் சிப்பிக்குச் சாயம் போடுவதை வேடிக்கை பார்ப்பார். சாயத் தொழில் உங்களுக்குத் தெரியாது. சொல்கிறேன், பிறகு தேவைப்படும். கடலில் கிடைக்கிற சிப்பி அழுக்கு வெள்ளை. அதை முதலில் லேசான அமிலத்தில் கழுவ வேண்டும். மேலே இருக்கிற வழவழப்பு போனால்தான் சாயம் பிடிக்கும். பிறகு சாயம், பிறகு வார்னிஷ். வாங்க வருகிறவர்கள், "இது இயற்கையான கலரா?" என்று கேட்பார்கள். "கடல்ல கெடைச்சதுங்க" என்பேன். அதில் பொய் எதுவும் இல்லை.

ஒருமுறை நான் கேட்டேன்: "சார், வரவே வராட்டி என்ன செய்வீக?"

அவர் டம்ளரை உருட்டிக்கொண்டே சொன்னார்: "வராட்டி என்னப்பா. பாத்துக்கிட்டு இருக்கறதே ஒரு சோலிதானே. கோயிலுக்குப் போறவுக எல்லாம் சாமிய நேர்ல பாத்துட்டா வர்றாக?"

நான் அதை நம்பவில்லை. பசிக்கிறவன்தான் பசிக்கவில்லை என்று முதலில் சொல்வான். சபை வேலையில் நான் கற்றுக்கொண்டது அது.

ஆறாவது வருடம் அவர் வந்து இறங்கியபோது நடையில் ஒரு தளர்ச்சி தெரிந்தது. மதுரையில் ஏதோ கூட்டத்தில் கிளியைப் பற்றிப் பேசியிருக்கிறார். கேட்டவர்கள் சிரித்திருக்கிறார்கள். முன்வரிசையில் இருந்த பழைய மாணவர் ஒருவர் எழுந்து, "சார் கேட்டராக்ட் ஆபரேஷன் முடிச்சிட்டு ஒருதரம் போய்ப் பாருங்க" என்றாராம். அதைச் சொல்லிவிட்டு சாரே சிரித்தார். பிறகு, "அடுத்த வருசமும் வரலேன்னா விட்டுரலாம்னு இருக்கேன் சந்தியாகு" என்றார்.

அவர் போன பிறகு பிரெசில்லா சொன்னாள்: "பாவம்ங்க மனுசன். ஒரே ஒரு கிளி. அதுக்கு இங்கன வந்து ஒரு எட்டு எட்டிப் பாத்தா என்ன கொறைஞ்சிரும்?"

அவள் கிளியைத்தான் குறை சொன்னாள். எனக்கு அது யாரோ கதவைத் தட்டி வேலை சொன்ன மாதிரி கேட்டது.

செங்கோட்டைப் பக்கம் இருந்து பழவண்டி ஓட்டி வருகிற காளீஸ்வரனை உங்களுக்குத் தெரிந்திருக்கும். பக்கத்து அறையில் உட்கார வைத்திருக்கிறீர்கள். அவன்மேல் பெரிய தப்பில்லை. அடுத்த வருடம் ஐப்பசி பிறந்ததும், "வீட்டில் வளர்க்க" என்று சொல்லித்தான் கேட்டேன். மலைக்காட்டுச் சின்னக்கிளிகள், பச்சைத் தலை. வாழைப்பழக் கூடைக்கு அடியில் துணி சுற்றிக் கொண்டுவந்தான். கூடையைத் திறந்தபோது அவை வரிசையாகக் கூடையின் மூடியில் இருந்து தொங்கின. வெற்றிலைக் கொடியில் இலை தொங்குகிற மாதிரி. அழகான உயிர்கள், அம்மா. நான் மிருகங்களை வெறுக்கிறவன் இல்லை.

முதலில் ஒன்றே ஒன்றுக்குத்தான் சாயம் போட நினைத்தேன். ஆனால் இறகில் எண்ணெய் இருக்கிறது. சாயம் முத்து முத்தாக உருண்டு ஓடிவிடுகிறது. எனக்குத் தெரிந்த தொழில் ஒன்றுதான். பஞ்சில் அமிலத்தைத் தொட்டு, ரொம்பவும் லேசாக, உச்சந்தலையை மட்டும் துடைத்தேன். சிப்பிக்குப் போடுவதில் பாதிக்கும் குறைவுதான் கலந்தேன். சிப்பி கத்தாது. கிளியும் பெரிதாகக் கத்தவில்லை. கால் இரண்டையும் மடக்கிக்கொண்டு என் பெருவிரலைக் கவ்வியது. விட்டுவிட்டது. கவ்வியது. விட்டுவிட்டது. அவ்வளவுதான்.

அளவு பிடிபட கொஞ்ச நாள் ஆனது. எந்தத் தொழிலிலும் தொடக்கத்தில் சேதாரம் இருக்கும். அந்த முதல் வருடம் சேதாரம் பதினொன்று. பன்னிரண்டாவது நன்றாக வந்தது. சிவப்பு சரியாகப் பிடித்தது. கடல் ஈரத்தில் கரைந்துவிடக் கூடாதே என்று மேலே வார்னிஷ் ஒரு பூச்சு. முதுகில் ஆரஞ்சும் போட்டிருக்க வேண்டும், தெரியும். அன்று ஆரஞ்சு சாயம் தீர்ந்துபோயிருந்தது. திங்கட்கிழமை வேறு. திங்கட்கிழமை சாயக்கடை கிடையாது.

விடிந்ததும் ஆலங்கன்றில் கொண்டுபோய்த் தொங்கவிட்டேன். கண் சரியாகத் தெரியாததால் அது பறக்கப் பார்க்கவில்லை. வைத்த இடத்திலேயே இருந்தது. அதுவும் ஒரு வசதிதான்.

சார் அதைப் பார்த்த நேரத்தை நான் சொல்லியாக வேண்டும். நாற்காலியில் இருந்து எழவில்லை. தொலைநோக்கியைக் கண்ணில் இருந்து எடுக்கவும் இல்லை. கன்னத்தில் தண்ணீர் ஓடி, நோட்டின் மேல் சொட்டியது. பிறகு ஒரு கையை மட்டும் பின்னால் நீட்டி, காற்றில் துழாவினார். நான் போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏப்பா சந்தியாகு. நீயும் பாக்குறியாப்பா? எனக்கு மட்டும் தெரியலையே?"

"நானும் பாக்குறேன் சார். செவப்பு."

"ஆமாப்பா. செவப்பு."

அந்தக் கை என் விரல்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. அதை நினைத்துத்தான் இப்போதும் தூங்குகிறேன்.

இரண்டாம் நாள் அது கன்றுக்குக் கீழே கிடந்தது. சார் வருவதற்குள் எடுத்துவிட்டேன். "இலங்கைக்குத் திரும்பிருச்சு போல சார்" என்றேன். நோட்டில் எழுதிக்கொண்டார்.

அதோடு நிறுத்தியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் யோசித்தேன். ஆனால் ஒருநாள் சோறு போட்டுவிட்டு மறுநாள் கதவைச் சாத்துவது நல்லதா? அடுத்த வருடம் இரண்டு வந்தன. அதற்கு அடுத்த வருடமும் இரண்டு. சார் ஆள் மாறிவிட்டார். முதுகு நிமிர்ந்தது. பென்னிகூட கேலியைக் குறைத்துக்கொண்டு, "சார், இந்த வருசம் குடும்பத்தோட வருதாம்ல?" என்று மரியாதையாகக் கேட்டான்.

அப்போதுதான் சார் ஒரு சிக்கலைக் கவனித்தார். முதுகில் ஆரஞ்சு இல்லை. ஆகவே இது இலங்கைக் கிளி இல்லை. உச்சியில் சிவப்பு இருக்கிறது. ஆகவே இது நம் மலைக்கிளியும் இல்லை. அது மட்டுமல்ல, இலங்கைக் கிளியின் சிவப்பு பிடரியில் மெல்ல மெல்ல மங்கும், இதில் கோடு போட்டது போல நிற்கிறது, உச்சியில் ஒரு மெல்லிய பளபளப்பும் இருக்கிறது. ஒரு மாலை முழுக்க ஸ்டூலில் உட்கார்ந்து படம் போட்டுக் காட்டினார். "பாத்தியா, இந்த எல்லைக்கோடுதான் முக்கியம். வேற எந்தக் கிளிக்கும் இப்பிடிக் கெடையாது."

நான் சிப்பியில் பூ வரைகிறவன். கோடு நேராக நிற்காவிட்டால் எனக்குக் கை சும்மா இருக்காது. என் தூரிகை நின்ற இடத்தில் புதிய இனம் ஒன்று தொடங்கியிருக்கிறது என்று அன்று எனக்குத் தெரிந்தது. சாரிடம் சொல்லவில்லை. வைத்தது யார் என்று சொல்லாமலிருப்பதுதானே எங்கள் வழக்கம்.

ஆனால் பார்த்ததாக எழுதினால் மட்டும் போதாதாம். புதிய இனம் என்றால் ஒன்று கையில் இருக்க வேண்டும்; அளந்து, பாடம் செய்து, காட்சிசாலைப் பெட்டியில் வைக்க வேண்டும். சார் மறுத்துவிட்டார். "பேரு வைக்கிறதுக்காக ஒரு உசுரக் கொல்லுவனா? கண்ணி வச்சுப் பிடிக்கவும் மாட்டேன். கடலாப் பாத்து ஒண்ணக் கரையில போட்டா எடுத்துக்கிறேன். இல்லேன்னா பேரே வேணாம்."

நேர்மையான மனிதர். அவருடைய நேர்மைக்குப் பங்கம் வராமல் செய்ய வேண்டும் என்று எனக்குக் கவலை. செத்த கிளி என்னிடம் எப்போதும் இருந்தது; அதில் ஒன்றைக் கரையில் போட்டிருந்தால் வேலை முடிந்திருக்கும். ஆனால் நாளைக்கு யாராவது அறுத்துப் பார்த்து, கடலில் விழுந்து செத்ததில்லை என்று சொன்னால் சார் பொய்யர் ஆகிவிடுவார். ஆகவே உள்ளதிலேயே நல்ல ஆரோக்கியமான ஒன்றாகத் தேர்ந்தெடுத்தேன். அதற்குச் சாயம் அருமையாகப் பிடித்திருந்தது. பேசினில் கடல்தண்ணீர் எடுத்துவந்து, அதில் வைத்துப் பிடித்துக்கொண்டேன். அருள் நிறைந்த மரியே செபம் ஒருமுறை சொல்லி முடிப்பதற்குள் முடிந்துவிட்டது. நான் வேகமாகச் சொல்கிறவன் இல்லை, நிறுத்தித்தான் சொன்னேன். பிறகு அலை தொட்டுப் போகிற இடத்தில் வைத்தேன். கடலுக்கு நான் கொடுத்தேன், கடல் சாருக்குக் கொடுத்தது. சார் முழங்காலில் உட்கார்ந்து, சட்டைப் பையில் இருந்த கைக்குட்டையில் அதை எடுத்துச் சுற்றினார். குழந்தைக்குத் துணி சுற்றுகிற மாதிரி.

மற்றவற்றை எங்கே புதைத்தேன் என்று கேட்டீர்கள். கடைக்குப் பின்னால், சவுக்கு மரத்தடியில். ஒவ்வொன்றையும் ஒரு நகைப்பெட்டியில், பஞ்சு வைத்து. சிப்பி ஒட்டிய பெட்டிதான். சுமாரான பெட்டியை நான் பயன்படுத்தவில்லை. "சரக்கு கொறையுதுங்களே" என்று பிரெசில்லா கேட்டாள். தர்மத்துக்குப் போகிறது என்றேன். மேலே சிலுவை வைக்கவில்லை. கிளிகளுடைய நம்பிக்கை என்னவென்று தெரியாமல் நாமாக வைப்பது சரியில்லை. ஒரு சின்னச் செபம் மட்டும். தோண்டினால் அறுபத்து நான்கு பெட்டி இருக்கும். பார்த்துத் தோண்டச் சொல்லுங்கள், மூடிகள் மெல்லியவை.

சார் பார்த்தது ஐந்து வருடத்தில் ஒன்பது கிளி. அந்த ஒன்பதுக்கு ஆன செலவு அது.

கிளியைப் பற்றி எழுதிய கட்டுரை அச்சாகி வந்த நாளில் சார் ஐப்பசிக்குக் காத்திருக்காமல், ஆனி மாத வெயிலில் பஸ் ஏறி வந்தார். புத்தகத்தை என் கையில் கொடுத்து ஒரு வரியின் கீழ் விரலை வைத்தார். கிளியின் அறிவியல் பெயர். முன்பாதி லத்தீன், பின்பாதி நான். பன்னிரண்டு வருடமாக டீ கொடுத்த கைக்கு என்று நன்றிக் குறிப்பில் எழுதியிருந்தார். உண்மையில் அப்போது பத்து வருடம்தான், அன்பில் எண்ணிக்கை கூடிவிட்டது.

"எனக்கு எதுக்கு சார்" என்றேன். உண்மையாகவே சொன்னேன். பெயருக்காக நான் எதையும் செய்கிறவன் இல்லை. பிரெசில்லாதான் அந்தப் பக்கத்தைச் சட்டம் போடச் சொன்னாள். அல்லது நான் சொல்லி அவள் சரி என்றாளா, நினைவில்லை. வேளாங்கண்ணி மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது. கொஞ்சம் மேலே. அங்கேதான் ஆணி இருந்தது.

இந்தச் சித்திரையில் வெளியூர் அறிஞர் ஒருவர், அந்த உச்சி இறகில் ஒன்றைச் சோதனைக்கு அனுப்ப முடியுமா என்று சாருக்கு எழுதினார். மடியில் கனமில்லாத மனிதர், மகிழ்ச்சியாக அனுப்பினார். பதில் வந்தது. இறகு மலைக்கிளியுடையது. சிவப்பு, கிளியுடையதே இல்லை. கடையில் விற்கிற சாயம்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு நேராக என்னிடம்தான் வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்தார். பிரெசில்லா டம்ளரை வைத்தாள். நான் அவருக்குச் சொல்ல ஆறுதல் தயாராக வைத்திருந்தேன். ஊர் சிரிக்கும் என்பார். சிரிக்கட்டும் சார் என்று சொல்ல வேண்டும். பெயர் போய்விட்டது என்பார். ஆண்டவர் அறிவார் என்று சொல்ல வேண்டும். அவர் அதை எதையும் சொல்லவில்லை.

"எம் பேரு கெடக்குது, விடு. சாயம் பூசணும்னா அத எப்பிடிப் பிடிச்சிருப்பாக? எவ்வளவு எரிஞ்சிருக்கும்? இத்துணூண்டு உசுரு. பூத்தேன் குடிச்சுக்கிட்டு இருந்தத இந்த உப்புக் காத்துல கொண்டாந்து தொங்கவிட்டிருக்காக. நான் எதுத்தாப்புல உக்காந்து சந்தோசப்பட்டுக்கிட்டு இருந்திருக்கேன் சந்தியாகு. அது கண்ணு தெரியாமத் தொங்குது. நான் நோட்டுல எழுதுறேன், மனுசனுக்குப் பயப்படாத சாதுவான இனம்னு."

பேசிக்கொண்டே மேசையில் இருந்த சிவப்புச் சிப்பி ஒன்றை எடுத்து விரலால் தடவிக்கொண்டிருந்தார். பிடரிப் பக்கமாகத் திருப்பிப் பார்ப்பது போலத் திருப்பிப் பார்த்தார். பூவின் ஓரத்தில் என் கோடு நேராக நின்றது. வெகுநேரம் பார்த்தார். பிறகு அதை எடுத்த இடத்திலேயே, எடுத்த மாதிரியே வைத்தார். டீயைக் குடிக்காமல் எழுந்துவிட்டார்.

"வாரேன் பிரெசில்லா. டம்ளரப் பத்திரமா வச்சுக்கம்மா" என்றார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. மனது சரியில்லாதவர், எப்படிச் சொல்வார்.

அவர் கொடுத்த புகாரை நீங்கள் படித்துக் காட்டினீர்கள். கிளிகளுக்கு யாரோ சாயம் பூசுகிறார்கள், தயவுசெய்து நிறுத்துங்கள். ஆள் யார் என்பதை எனக்குச் சொல்ல வேண்டாம் என்று முடித்திருக்கிறார். அதில் என் பெயர் இல்லை. கவனித்தீர்களா? அவருக்கு என்மேல் துளியும் சந்தேகம் இல்லை. அந்த ஒன்றுதான் எனக்கு ஆறுதல்.

இந்த ஐப்பசியில் அவர் வரவில்லை. ஆலங்கன்றுக்கு எதிரே நாற்காலி இல்லாததைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. பென்னிகூட, "அண்ணே, கிளி சார் இல்லாம அந்தச் சொவரு வெறிச்சுன்னு இருக்கு" என்றான். அதனால்தான் காளீஸ்வரனிடம் மறுபடி சொன்னேன். இந்த ஐந்தும் அப்படி வந்தவைதான். நீங்கள் நினைப்பது போல நான் பாடம் கற்றுக்கொள்ளாதவன் இல்லை. கடையில் விற்கிற சாயம் என்று சோதனையில் வந்துவிட்டதல்லவா. இந்த முறை அதைத் தொடவே இல்லை. மருதாணி. எங்கள் வீட்டுக் கொல்லையில் பறித்து அரைத்தது, முழுக்க இயற்கை. அமிலமும் கிடையாது, எலுமிச்சைச் சாறுதான். நான்குமுறை பூச வேண்டியிருந்தது, அவ்வளவுதான். ஒன்று உயிரோடு சார் கைக்கே கிடைத்தால், சோதனை செய்தவர்கள்தான் தப்புச் செய்தார்கள் என்று ஊருக்குத் தெரிந்துவிடும். சார் முதுகு மறுபடி நிமிரும்.

நீங்கள் கடைக்குள் வந்து சட்டம் போட்டு மாட்டியிருந்த கட்டுரைப் பக்கத்தையும், காய வைத்திருந்த சிப்பிகளையும் மாறி மாறிப் பார்த்தபோது எனக்குப் பயம் வரவில்லை. கூடையை நானே திறந்து காட்டினேன். நீங்கள் கிளிகளின் தலையை ஈரத்துணியால் துடைத்தீர்கள். விரலில் மருதாணி ஒட்டிக்கொண்டது. கழுவினால் போகாது, அம்மா. பத்து நாள் இருக்கும். மன்னிக்க வேண்டும். தண்ணீர் வைத்ததும் அவை இவ்வளவு குடிக்கும் என்று எனக்குத் தெரியாது. வாழைப்பழம் தவறாமல் வைத்தேன். பழத்திலேயே தண்ணீர் இருக்கிறது என்று நினைத்துவிட்டேன்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நான் பிடிக்கச் சொன்னது எழுபது கிளி. அறுபத்து நான்கு சவுக்கு மரத்தடியில், ஒன்று காட்சிசாலைப் பெட்டியில், ஐந்து உங்கள் கூண்டில். அமிலம் வைத்துத் துடைத்தது நான். தண்ணீரில் அமுக்கியது நான். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை, பிரெசில்லாவுக்கு ஒன்றும் தெரியாது. எனக்கென்று எதையும் நான் விரும்பியதில்லை. சார் மகிழ்ச்சியாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர. எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன். ஒவ்வொரு பக்கத்திலும் போடுகிறேன்.

இந்தக் கடைசிப் பக்கத்துக்கு மட்டும் ஒரு திருத்தம். கைப்பற்றிய பொருள்கள் என்ற இடத்தில், "மருதாணி பூசிய மலைக்கிளிகள், ஐந்து" என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி எழுதக் கூடாது, அம்மா. அது அச்சில் ஏறிய இனம். தப்பான பெயர்கூட ஒருமுறை அச்சில் ஏறிவிட்டால், தப்பு என்ற குறிப்போடு பட்டியலில் என்றைக்கும் நிற்கும் என்று சாரே சொல்லியிருக்கிறார். பேனாவைக் கொடுங்கள், நானே எழுதித் தருகிறேன்; அந்தக் கிளிக்கு என் பெயர்.